ஒலியில்லாமல் பார்த்த கரடி

மாலை ஆறரை மணிக்கு எங்கள் பிளாக்கின் மனமகிழ் மன்றத்தில் விளக்குகளை அணைத்தார்கள். திரையில் முதலில் தெரிந்தது ஒரு கரடியின் மூக்கு. கறுப்பாக, ஈரமாக, ஓரத்தில் பனித்துகள் ஒட்டியிருந்த அந்த மூக்கு மூச்சுவிட்டபோது எழுந்த ஆவி தங்கள்மேல் பட்டுவிடும் என்பதுபோல முன்வரிசைக் குழந்தைகள் பின்னால் சாய்ந்தார்கள். வெளியே நெய்வேலியின் மே மாதம். மின்விசிறிகள் சுழன்றும் முதுகில் சட்டை ஒட்டியது. யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த வேர்க்கடலையின் வாசனை வரிசை வரிசையாக நகர்ந்தது.

அது புதிய கதை அல்ல. ஒரு கரடிக்குட்டியையும் அதன் அப்பாவையும் பற்றிய அந்தச் சித்திரப் படத்தின் டிவிடி எங்கள் பிளாக்கில் வீடு வீடாகச் சுற்றிக் கீறல் விழுந்திருந்தது. அதையே நிஜ விலங்குகள் நடிப்பதுபோல மறுபடி எடுத்து, தமிழும் பேசவைத்திருந்தார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. தம்பி குமரன் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தான். இருவருக்கும் படம் மனப்பாடம். ஒன்றுதான் குறை: அதை நாங்கள் ஒருமுறைகூட ஒலியோடு பார்த்ததில்லை.

காரணம் எளியது. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவுடன் குளித்துவிட்டுப் படுப்பார். துவைத்த காக்கிச் சட்டையை அம்மா வாசல் கொடியில் போடுவாள். அது காய்வதற்காக மட்டும் அல்ல. சட்டை வாசலில் தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று பொருள். கீரைக்காரம்மா எங்கள் கேட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்கமாட்டார். மற்ற வீடுகளிலும் இதே வழக்கம்தான். "அப்பா தூங்கினு இருக்காரு" என்பதற்கு மேல் அம்மா எதுவும் சொல்லவேண்டியதில்லை. கை தானாக ரிமோட்டில் "மியூட்" பொத்தானைத் தேடும். அவருக்கு நைட் இல்லாத வாரங்களில் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாராவது தூங்குவார்கள். பெல்ட் ஓடும் இடத்தில் கண் சொருகினால் என்ன ஆகும் என்பதை அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். மறுமுறை கேட்க நாங்கள் விரும்பவில்லை.

படத்தின் நடுவில் பனிச்சரிவு வரும். அதற்குப் பிறகு அப்பா கரடி குகை வாசலில் கண்மூடிக் கிடக்கும். குட்டி வந்து முகர்ந்து பார்த்து, மேலே காய்ந்த இலைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தனியாக மலை இறங்கிப் போகும். சோக இசை எங்களுக்குக் கேட்டதில்லை. வரைந்தவர் அந்தக் கரடிக்கு லேசான சிரிப்பு வேறு வைத்திருந்தார். ஆகவே எங்களுக்கு அதில் சந்தேகமே எழவில்லை: அப்பா கரடி நைட் முடித்து வந்து தூங்குகிறது, குட்டி போர்வை போர்த்திவிட்டு, சத்தம் போடாமல் வெளியே விளையாடப் போகிறது. கடைசியில் வளர்ந்த குட்டி திரும்பி வரும்போது குகை காலியாக இருக்கும். "ஷிப்ட் மாறிட்டாரு" என்று குமரன் ஒவ்வொரு முறையும் சொல்வான்.

மன்றத்தில் முதல் அரைமணி நேரம் பெரியவர்களுக்குத்தான் கொண்டாட்டம். "நெஜக் கரடியாட்டமே கீதே" என்றாள் அம்மா, அன்று ஷிப்ட் இல்லாததால் கூட வந்திருந்த அப்பாவிடம். பக்கத்து வீட்டுப் பிச்சையா மாமா திருநெல்வேலிக்காரர். அவர் "வாய அசைக்காமலே பேசுதுல்லா, நம்ம சூப்பர்வைசர் மாதிரி" என்றதும் பின்வரிசை முழுதும் சிரித்தது. குழந்தைகளுக்கு அவ்வளவு திருப்தி இல்லை. சித்திரக் கரடிக்குப் புருவம் இருந்தது, கோபம் வந்தால் காது சிவக்கும். இந்தக் கரடியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இது நம்ப கரடி இல்லக்கா" என்று குமரன் என் காதில் சொன்னான்.

பனி சரிந்தது. இந்தமுறை அது இடியைப்போல முழங்கியது. குகை வாசலில் கரடி கிடந்தது. சிரிப்பு இல்லை, மூக்கின் ஓரத்தில் ரத்தம். குட்டி "அப்பா, எழுந்திரு அப்பா" என்று தமிழில் அழுதது. எனக்கு முன்னால் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கியபோது குமரன் நாற்காலிமேல் ஏறி நின்றான்.

"ஏன் எழுப்புது? நைட்டு முடிச்சிட்டு வந்துகீறாரு. தூங்கட்டும்."

அவன் குரல் அரங்கம் முழுதும் கேட்டது. ஒரு கணம் கழித்து ஆண்கள் சிரித்தார்கள்.

"ஏல, எந்த மைன்ஸ்ல ஒங்க கரடிக்கு டூட்டி?" என்று பிச்சையா மாமா கேட்டார்.

"மைன்ஸ் டூ" என்றான் குமரன், விளையாட்டே இல்லாமல். அப்பாவுக்கு அந்த இரண்டாம் சுரங்கத்தில்தான் வேலை.

சிரிப்பு இரட்டிப்பானது. நான் திரும்பிப் பார்த்தேன். சிரித்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். எங்கள் வரிசையிலும் அதற்கு முன்வரிசையிலும் இருந்த குழந்தைகள் யாரும் சிரிக்கவில்லை. பிச்சையா மாமாவின் மகள் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டிலும் வாசலில் சட்டை தொங்கும். அவளும் அந்தப் படத்தை ஒலியில்லாமல்தான் பார்த்திருந்தாள். அவளுடைய பார்வையைக் கவனித்த மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

குமரன் இறங்கி அப்பாவின் மடியில் உட்கார்ந்தான். "தூங்குதுதானே?"

அப்பா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "இல்லடா. செத்துப்போச்சு."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"வயிறு ஏறி எறங்கல பாரு."

மறுநாள் இரவு அப்பாவுக்கு நைட் ஷிப்ட் தொடங்கியது. அதற்கடுத்த காலையில் அவர் படுத்துச் சிறிது நேரத்துக்கெல்லாம் குமரன் கட்டிலருகே நின்று வயிற்றைப் பார்த்தான். ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கிய அறையில் வயிறு சரியாகத் தெரியவில்லை. மூக்கின் கீழே விரலை வைத்தான். அப்பா விழித்துக்கொண்டார்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

மதியத்துக்குள் இன்னும் பலமுறை எழுப்பிவிட்டான். அடுத்த நாளும் அப்படியே. அம்மா கதவைத் தாழிட்டாள். அவன் கதவைத் தட்டினான். "அவர வேலைக்கு அனுப்பவா, இல்ல ஆசுபத்திரிக்கு அனுப்பவா?" என்று அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அன்று மாலை சிவந்த கண்களோடு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அந்தக் கண்களோடு அவர் பெல்ட் பக்கத்தில் போய் நிற்கப்போகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டு வந்த அப்பா, குமரனைக் கூப்பிட்டு வெளியே ஜன்னலுக்குக் கீழே உட்காரச் சொன்னார். "நான் கொறட்ட விடுவேன். இங்கேருந்தே கேளு. உள்ள வராத."

அப்பாவுக்குக் குறட்டை விடும் பழக்கமே கிடையாது. அன்று விட்டார். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது நடிப்பு என்று உடனே தெரிந்தது; ஒரே அளவில், ஒரே சுருதியில், சினிமாவில் வருகிற குறட்டை. குமரன் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான். கொஞ்ச நேரத்தில் குறட்டையின் இடைவெளி நீண்டது, பிறகு நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, காக்கிச் சட்டையின் நிழலில், தலை ஒரு பக்கம் சாய குமரனும் தூங்கிவிட்டிருந்தான்.

விடுமுறை முடியும்வரை நைட் ஷிப்ட் வந்த ஒவ்வொரு வாரமும் அப்பா குறட்டை விட்டுத்தான் தூங்கினார்.

அவர் ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பண்ருட்டிக்குக் குடிபோனோம். அந்தத் தெருவில் வாசலில் தொங்கும் சட்டைக்கு எந்தப் பொருளும் கிடையாது. குமரன் இப்போது ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே இரவு முழுக்க வேலை பார்க்கிறான், விடிந்ததும் படுக்கிறான். சென்ற மாதம் நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது முற்பகல். அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. கூடத்தில் அப்பா தொலைக்காட்சியில் ஏதோ படத்தை ஒலி வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் பலாப்பழ வண்டியின் ஒலிபெருக்கி கேட்டது. அப்பா எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், அதை நிறுத்தச் சொல்லப் போனார்.