நாலு பேருக்கான ஸ்பிரிங்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் இருந்த தமிழர்களில் பிக்கப் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் வாங்கினால் சின்னக் கார் வாங்குவார்கள், இல்லாவிட்டால் சைக்கிளோடு நிற்பார்கள். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் ஓய்வு பெற்றபோது தன் வண்டியை எனக்கு விற்றார். நாலு கதவு வைத்த ஜப்பான் பிக்கப். பின்பெட்டியில் அவர் தன் கையாலேயே ஒரு சிறு வீட்டைச் செய்து ஏற்றியிருந்தார். பலகையும் அலுமினியத் தகடும். உள்ளே படுக்க இரண்டு தட்டு, ஒரு காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி. கேம்பர் என்பார்கள்.

என் மனைவியின் அண்ணன் ஜெர்மனியில் இருந்தார், தங்கை பாரிசில். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். நீங்கள் வந்து சேர்ந்ததும் எல்லோரையும் ஒரு சுற்றில் பார்த்துவிட்டு வரலாம், ஹோட்டல் தேவையில்லை, வீடு நம்மோடு வரும் என்று கடிதத்தில் எழுதிவிட்டேன். எழுதின பிறகு பின்வாங்க முடியாது.

அவர்களைக் கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம் அப்போது எங்கோ கிடந்தது. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். எங்கள் கோப்புகளை மேலிடம் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தது பிறகுதான் வெளியே வந்தது. அது பெரிய விவகாரமாகி, கடைசியில் ஓர் அரசாங்கமே போனது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் தபால்பெட்டி வெறுமையாக இருந்தது மட்டும்தான்.

கேம்பரின் பாரத்தில் வண்டி பின்பக்கம் குந்தியிருந்தது. முன்விளக்கு வானத்தைப் பார்த்தது. எதிரே வருகிறவர்கள் கண் கூசி விளக்கை அடித்து அடித்துக் காட்டுவார்கள். ஊரில் வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்கு லொறி ஓட்டியவன் நான், எனக்கு யார் பாடம் சொல்வது என்ற எண்ணத்தில் நானே போய்ப் புது ஷொக் அப்சோபர் நாலு வாங்கிப் பூட்டினேன். வண்டி ஓர் அங்குலமும் எழும்பவில்லை.

கடைசியில் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரர் அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். ஷொக் அப்சோபர் ஆட்டத்தை அடக்கும், சுமையைத் தாங்காது, தாங்குவது ஸ்பிரிங் என்றார். இது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் மறந்த விஷயத்தை இன்னொருவர் சொல்லும்போது வருகிற கோபம் எனக்கு வந்தது.

ஃபூனன் தீவுக்குப் போகிற பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் கேம்பர் குடித்தவன் மாதிரித் தள்ளாடும். அதற்கு அச்சுக்குக் குறுக்கே வளைந்த கம்பி ஒன்று பூட்டச் சொன்னார். அதில் எங்களுக்குள் பிரச்சினை இல்லை. பிரச்சினை ஸ்பிரிங்கில்தான் வந்தது.

"இரண்டு வழி இருக்கிறது," என்றார். "இருக்கிற இரும்புத் தட்டுகளோடு இன்னும் தடித்த தட்டுகள் சேர்க்கலாம். அல்லது காற்றுப் பை வைக்கலாம். எதைப் பூட்டினாலும் வண்டிக்கு அனுமதித்த நிறை கூடிவிடாது. அதனால் முதலில் சொல், எத்தனை பேர், எத்தனை கிலோ?"

நாலு பேர் என்றேன். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். நான் ஒருவன்தான் இருந்தேன்.

நிறை கேட்டு மனைவிக்குக் கடிதம் போட்டேன். போரும் தபாலும் விட்ட வழியில் பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. "நான் நாப்பத்தெட்டு. மூத்தவள் இருபது. சின்னவள் பதினாலு. உதெல்லாம் ஏன் கேக்கிறியள்? இனிமேல் கேக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். வளருகிற பிள்ளையின் நிறையை எங்கள் பக்கத்தில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாவூறு பட்டுவிடும் என்று பயம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவளை அதற்காகப் பகிடி பண்ணுவேன்.

கணக்கோடு கராஜுக்குப் போனேன். அவர் எழுதிக் கொண்டு, காற்றுப் பைதான் உனக்குச் சரி என்றார். "ஆட்கள் வந்தால் காற்றை அடி. வராவிட்டால் இறக்கிவிடு. தட்டு அப்படியில்லை. நாலு பேருக்குப் பூட்டினால் நாலு பேர் இருக்க வேண்டும். தனியே ஓட்டினால் உன் முதுகு முறியும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் 'வராவிட்டால்' என்ற அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. அலுவலகங்களில் யாரும் வாய்திறந்து சொல்லாததை இந்த மனிதர் கையில் கிறீஸோடு நின்று சொல்லிவிட்டார். தட்டையே பூட்டுங்கள் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

வண்டி நேராக நின்றது. விளக்கு ரோட்டைப் பார்த்தது. ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ரயில் கடவையைத் தாண்டும்போது பிளாஸ்க் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு கிழமையில் இடுப்பில் கைவைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

பாரம் ஏற்று, துள்ளல் குறையும் என்றார் கராஜ்காரர். நடைபாதைக் கல் போதும் என்றார். நான் அரிசிச் சாக்கு ஏற்றினேன். மனைவிக்கு இரண்டு சாக்கும் எட்டுக் கிலோ பருப்பும். மூத்தவளுக்கு முழுச் சாக்கு ஒன்று, அது சரியாக இருபது கிலோ. சின்னவளுக்கு ஒரு சாக்கைப் பிரித்து ஆறு கிலோவை எடுத்துச் சமைத்துவிட்டு, மிச்சத்தை வாய் கட்டி வைத்தேன். ஏன் கல் ஏற்றவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் அரிசி எப்படியும் உதவும் என்று சொல்லியிருப்பேன். அது பொய். துள்ளல் குறைந்ததா என்றால், கொஞ்சம்தான்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் மன்னார்க்காரர். ஒருநாள் ஆட்கள் வந்து, அரிசி முடிந்து, கடையும் பூட்டியிருந்தது. கேம்பருக்குள் சாக்குக் கிடக்கிறது தெரிந்து எடுக்கப் போனார்.

"உதை எடுக்காதேங்கோ," என்றேன்.

"ஏன் அண்ணை, பழுதே?"

"உது சின்னவள்."

அவர் சாக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "அப்ப பருப்பை எடுக்கலாமோ, இல்லாட்டி அதுவும் அண்ணியோ?" என்றார். அன்றைக்குச் சோற்றுக்குப் பதில் பாண் சாப்பிட்டோம். அதன் பிறகு அவர் வேலைக்குப் போகும்போதெல்லாம் வண்டிப் பக்கம் பார்த்து, "பிள்ளையள் சுகமோ?" என்று கேட்பார்.

இந்த ஊர் ஈரத்தில் அரிசி பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் சனிக்கிழமைகளில் சாக்குகளை இறக்கி வீட்டுக்குள் காயவிட்டு, ஞாயிறு திரும்ப ஏற்றுவேன். பெரியவற்றைத் தோளில் தூக்குவேன். சின்னதை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். இரண்டரை வருடம் இப்படி. பதினான்கு கிலோ எவ்வளவு என்று என் இடக்கைக்கு நன்றாகத் தெரியும். பழைய அரிசியைச் சமைத்துப் புது அரிசியை நிரப்பும்போதும் அதே பதினான்குதான் நிறுத்துக் கட்டினேன். பிள்ளை வளரும் என்பது எந்த மடையனுக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் ஒருநாள் அனுமதி வந்தது. அவர்கள் வருகிற நாளுக்கு முதல் நாள் சாக்குகளையெல்லாம் இறக்கி அடுக்களையில் வைத்துவிட்டு, பாலத்தைத் தாண்டி, பிறகு கப்பலேறி கோபன்ஹேகன் விமான நிலையத்துக்குப் போனேன்.

மனைவி மெலிந்திருந்தாள். மூத்தவள் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். சின்னவள் நான் வெளிக்கிட்டபோது தவழ்ந்தவள். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு யாரோ மாமாவைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் குனிந்து, பழகின கையால், பழகின மாதிரியே தூக்கினேன். அவள் எழும்பவில்லை. இரண்டாவது கையையும் கொடுத்து மூச்சைப் பிடித்துத்தான் தூக்கினேன். அவளுடைய கால்கள் என் முழங்கால்வரை தொங்கின.

வீடு திரும்பும்போது பாலத்தில் நல்ல காற்று. வண்டி ஆடவில்லை. ரயில் கடவையில் பிளாஸ்க் இருந்த இடத்தில் இருந்தது. மூன்று பேரும் நித்திரை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கை மட்டும் அந்தப் பாரத்தையே நினைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை, மனைவி குளிக்கிற நேரம் பார்த்து, சின்னவளைத் தராசில் ஏற்றினேன். இருபத்து மூன்று. ஒன்பது கிலோ வித்தியாசம். எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மனைவி வந்ததும் கேட்டேன்.

"அண்டைக்கு நீ நிறையைக் குறைச்சுத்தானே எழுதினனீ?"

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே ஒப்புக்கொண்டாள். "ஓம். வளருற பிள்ளையளின்ர நிறையைக் கடதாசியில எழுதுறதே? எத்தினை பேர் உடைச்சுப் பாக்கிற கடிதம்."

"எவ்வளவு குறைச்சனீ?"

"ரெண்டு கிலோ."

இன்னும் கூடச் சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதையும் அவள் குறைத்திருந்தால் எவ்வளவு நல்லாக இருந்திருக்கும். "ரெண்டுதான்," என்றாள். மிச்ச ஏழு கிலோவும் நான் சாக்குத் தூக்கிக்கொண்டு திரிந்த நாட்களில், நான் இல்லாத இடத்தில் ஏறியது. அடுக்களைக்குப் போய் அந்தச் சாக்கின் வாயை அவிழ்த்தேன். அழுதுகொண்டுதான் அரிசியை அளந்தேன். மனைவி என் கையிலிருந்த அளவுச் சுண்டை வாங்கிக்கொண்டாள்.

கோடை விடுமுறையில் ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முன் நாலு பேருமாகக் கராஜுக்குப் போனோம். மேலதிகத் தட்டுகளைக் கழற்றிவிட்டுக் காற்றுப் பை பூட்டுங்கள் என்றேன். தட்டுத்தான் வேண்டும் என்று என்னோடு சண்டை பிடித்த ஆள் நீதானே என்று அவர் கேட்கவில்லை. பின் சீற்றில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வருடா வருடம் காற்றைக் கூட்ட வேண்டியிருக்கும்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பழைய கணக்குத் தாளை எடுத்து, பதினான்கை வெட்டினார். சின்னவள் இப்போது எத்தனை கிலோ என்று கேட்டார்.

இருபத்தொன்று என்றேன்.