பழைய வலியா, புது வலியா?

ராஜி அக்கா இறந்த செய்தி அவருடைய மின்னஞ்சல் முகவரியிலிருந்தே வந்தது. பாண்டி பஜார் பிரவுசிங் சென்டரில், இன்றைக்கு நம்மில் யாரைத் திட்டியிருக்கிறார் என்று ஆசையாகத் திறந்தேன். எழுதியவர் அவருடைய தம்பி சீனு. அக்கா தவறிவிட்டாள், வயிற்றுவலிக் குழுவில் சொல்லிவிடவும் என்று இரண்டே வரி. "இன்னா நைனா, பேஜ் தொறக்கலியா?" என்றார் கடைக்காரர். திறந்துதான் இருந்தது.

நம் மின்னஞ்சல் குழுவில் பலர் அவரைப் பார்த்ததில்லை. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழாகத்தான் தெரியும். வலி என்று யார் எழுதினாலும் அவருடைய முதல் கேள்வி: "பழைய வலியா, புது வலியா?" புதிது என்றால் ஒரே பதில்தான்: "கம்ப்யூட்டரை அணைச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு." மனநிலையை ஆட்டிவைக்கும் செரடோனின் என்ற ரசாயனம் மூளையைவிடக் குடலில்தான் அதிகம் என்று அவர் எழுதிய அன்று, பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்க வந்தவர்களிடம்கூட நான் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரே ஒருமுறை மயிலாப்பூர் குளக்கரையில் சந்தித்தோம். "உங்களுக்கு எப்போலேர்ந்துக்கா கீது?" என்றேன்.

"ஆறு வயசுலேர்ந்து. கைக்குழந்தையா இருக்கறப்பவே பெரியப்பாவுக்குத் தத்துக் குடுத்துட்டா. அங்க சொந்தமாக் கொழந்தை பொறந்ததும் திருப்பி அனுப்பிட்டா, அளவு சரியில்லாத சட்டை மாதிரி. வந்த மறுநாளே வயித்துவலி. ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கறேன்னு சொன்னா."

பின்னாளில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், எல்லாம் சுத்தமாக இருக்கிறது, மனசுதான் காரணம் என்றாராம். "மனசு எங்க டாக்டர் இருக்கு, மெரினாவுலயா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார் அக்கா.

பயந்து வளர்ந்த குழந்தைகளில் சிலருக்கு, மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓடும் சேதி பெரிதாகிவிடுகிறது. சாதாரண வாயுகூட வலியாகிறது. அதை அவர் சொன்ன விதம் உங்களுக்கு நினைவிருக்கும்: "ஆடி மாச மைக் செட்காரன் வால்யூமை முழுக்கத் திருகிட்டு டீ குடிக்கப் போயிட்டான். பாட்டு சின்னதுதான். காது கிழியறது நிஜம்."

இதை வீட்டாருக்குப் புரியவைக்க அவர் வருடக்கணக்காகச் சண்டை போட்டார். கடைசியில் சீனுவே, "எங்காத்துலயும் மைக் செட் இருக்கு" என்று விருந்தாளிகளிடம் சொல்ல ஆரம்பித்தார். நாம் அதைக் குழுவில் கொண்டாடினோம். பாவிகள், கொண்டாடினோம்.

துக்கம் விசாரிக்கப் போனபோது சீனு வாசலிலேயே நின்றிருந்தார்.

"இது வேற மாதிரி வலிக்கறதுடான்னா. மைக் செட்டுதானேக்கா, படுத்துக்கோ, அடங்கிடும்னேன். மறுநாள் ஜுரம். அப்பவும் அதையேதான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போறதுக்குள்ள குடல்வால் வெடிச்சுடுத்து."

"வேற மாதிரின்னு அவங்களே சொன்னாங்களே சார். காதுல வாங்கமாட்டீங்களா?"

"அவ சொல்லிக் குடுத்ததைத்தானேப்பா நான் சொன்னேன்?"

நடிப்பு என்று ஏசிய காலமெல்லாம் பிழைத்திருந்தவரை, நம்ப ஆரம்பித்தபின் சாகவிட்டார்கள். ஊரில் எல்லாரிடமும் அவர் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேற்று குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், வயிறு வலிக்கிறது என்று எழுதியிருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் அக்காவின் கேள்வியைத் தட்டி அனுப்பினேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். மைக் செட் கதையை இனி யாருக்கும் சொல்லமாட்டேன்.