தூணுக்குப் பெரிதான பட்டை

வாஷ்பேசின் என்னும் கைகழுவும் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அச்சுக்குள் களிமண் குழம்பு ஊற்றும் வேலை பார்த்ததால், எல்லோருக்கும் அவர் பேசின் அக்கா. வேலையை விட்ட பிறகும் பெயர் அவரை விடவில்லை. மரப்பட்டை, விதைக்கூடு, காய்ந்து சுருண்ட இலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் மண்ணில் செய்து சூளையில் வைத்துவிடுவார். வேலையை விட்டதும் அதற்காகத்தான். தொட்டியில் கைகழுவுகிற யாரும் அதைச் செய்தது யார் என்று கேட்பதில்லை என்பது அவருடைய குறை.

தன் பெயர் போட்டு வைக்கும்படியான முதல் வேலை புதிதாகக் கட்டிய கலைக்கூடத்தில் கிடைத்தது. கான்கிரீட்டும் கண்ணாடியும் மட்டுமே ஆன கட்டிடம் அது. சுவர்களுக்குப் பூச்சு இல்லை. கான்கிரீட் வார்க்க அடித்த அடைப்புப் பலகைகளின் வரிகள் அப்படியே பதிந்திருக்கும். கூடத்தின் நடுவில் ஒரே ஒரு வட்டத் தூண். அதைச் சுற்றி மரப்பட்டை போலச் சுட்ட மண்ணில் ஓர் உறை செய்து பொருத்த வேண்டும். கட்டிடத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. தூணை மூடாதீர்கள் என்று கலைக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் வாதாடித் தோற்றவர். சுவரில் கடிகாரம் மாட்டிய மேலாளரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவரும் அவர்தான். வேலை சரியாக அமையாவிட்டால் திறப்பு விழாவுக்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னதும் அவரே.

களிமண் சூளையில் சுருங்கும். பத்து அங்குலம் வேண்டுமென்றால் பதினொன்றாகச் செய்ய வேண்டும். அக்கா தூணை அளந்து, அந்தக் கூடுதலைச் சேர்த்தே படம் வரைந்தார். அச்சு செய்தவர் அவருடைய தம்பி, தச்சர். மண் சுருங்குமே என்ற அக்கறையில் அவரும் தன் பங்குக்குக் கூட்டிக்கொண்டார். இருவருக்குமே அது கைப்பழக்கம் என்பதால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சுட்டு எடுத்த துண்டுகளை வீட்டில் நான்கு நான்காக நிறுத்திப் பார்த்தபோது வட்டம் அழகாக மூடியது. வீட்டில் தூண் இல்லையே.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் ஒட்டத் தொடங்கினார்கள். அடி வரிசையில் மூன்று துண்டுகள் உட்கார்ந்தன. நான்காவது நுழையவில்லை. உட்கார்ந்த துண்டுகளும் நடுவில் மட்டும் தூணைத் தொட்டு, ஓரங்களில் தூக்கிக்கொண்டு நின்றன. மறுபடி செய்து காயவைத்துச் சுட வாரக்கணக்கில் ஆகும்.

"தூண ஒல்லியா கட்டிட்டாங்கக்கா," என்றார் தம்பி.

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம். படத்த எடுடா."

படத்தையும் அச்சையும் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. பிறகு கொஞ்ச நேரம் சண்டை. கேட்டிருக்கலாமே என்று இவர், சொல்லியிருக்கலாமே என்று அவர். சின்ன வயதில் உடைத்த சாமான்கள் வரை பேச்சு போனது. அந்த நேரம் பார்த்து ஆர்க்கிடெக்ட் அம்மா உள்ளே வந்தார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூணை ஒருமுறை சுற்றினார். மிச்சத்தை எப்போது ஒட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். பசை காய வேண்டும் என்று தம்பி இழுக்க, அக்கா குறுக்கே புகுந்தார்.

"ஒட்ட முடியாது மேடம். அளவு தப்பிப்போச்சு. தூணவிட உறை பெருசு."

"யாரு தப்பு?"

"தனித்தனியா ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சோம் மேடம்," என்றார் தம்பி. "சேந்ததுதான் தப்பு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. குனிந்து, தூக்கி நின்ற ஓரத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு துண்டு நுழையாமல் காலியாக நின்ற இடத்தில், பலகை வரி பதிந்த கான்கிரீட்டை உள்ளங்கையால் தடவினார்.

"என் தூணு மொத்தமா மறைஞ்சிடும்னுதான் அத்தன சண்ட போட்டேன். இப்ப தெரியுது பாருங்க. பட்டை உரியற மரம் மாதிரி இருக்கு. இப்படியே விட்டுட முடியுமா?"

அக்கா உடனே தலையாட்டவில்லை. கூடத்தின் மறுகோடிக்குப் போய் நின்று பார்த்தார். ஏணியில் ஏறிப் பார்த்தார். தான் வரைந்தது இது இல்லைதான். ஆனால் ஓரங்களுக்கு அடியில் விழுந்த நிழல், சூளையில் எத்தனை முறை முயன்றும் வராத நிழல்.

"விடலாம் மேடம். ஆனா காலி எடம் எல்லாம் ஒரே நேரா வந்தா, பட்டன் போடாத சட்டை மாதிரி இருக்கும். வரிசைக்கு ஒரு பக்கமா மாத்திக்கிறேன்."

அந்த அம்மா அங்கேயே குழுத் தலைவருக்குப் போன் செய்து, தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக ஒரே வரியில் சொன்னார். அவர் போனதும் அக்கா ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, அன்று முதன்முறையாக ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார். மாலைக்குள் உச்சி வரிசை ஏறிவிட்டது.

மறுநாள் நல்ல கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் பட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார்கள். கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர், வரிசைக்கு ஒரு துண்டை விட்டுவிட்டதற்கு என்ன காரணம் என்று அக்காவிடம் கேட்டார்.

"அதுக்கு மேல எடமில்லைங்க," என்றார் அக்கா.

கேட்டவர் வெகுநேரம் தலையாட்டினார். தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடி, ஒரு சுவருக்குப் பின்னால் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணாடிச் சுவர். கூடம் மொத்தமும் பார்த்தது.