ஃபேன் இல்லாத பெட்டி

என் அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவன். பைக் விபத்தில் அவன் செத்துப்போனபோது வீடு நிறைய வீடியோ இருந்தது. எடுத்தவன் அவன் என்பதால் ஒன்றில்கூட அவன் முகம் இல்லை. குரல் மட்டும்தான். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரையாவது நகரச் சொல்வான், சிரிக்கச் சொல்வான். நான் பத்தாவது ஃபெயிலானதிலிருந்து அவனுக்கு லைட் பிடித்தேன். எந்தக் கல்யாணத்தில் எங்கே பேசினான் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு அந்தக் குரல் வேண்டும். பென்டிரைவில் போட்டால் எங்கள் டிவியில் அந்த ஃபைல்கள் ஓடவில்லை. அவனுடைய பழைய கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினால், அதன் ஃபேன் மேடேறும் லாரி மாதிரி உறுமியது. நெய்வேலியில் சாம்பலும் கரித்தூசியும் புகாத இடம் ஏது? துடைத்த ஒரு வாரத்தில் ஃபேன் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

டிவி சத்தத்தைக் கூட்டவும் முடியாது. அண்ணன் போன பிறகு அப்பா மைன்ஸில் கேட்டு வாங்கி நைட் ஷிப்டாகவே போனார். பகலெல்லாம் பக்கத்து ரூமில் தூங்குவார். குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் ஆள் தூங்கும் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்காது. அதற்கு முன்பே அம்மா கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிடுவாள்.

ஹெட்செட் மாட்டிவிட்டேன். "காதுக்குள்ள வந்து பேசறான்டி, பயமா இருக்கு" என்று கழற்றிப் போட்டுவிட்டு அழுதாள்.

குரலைக் கூட்ட முடியாதென்றால் மிஷின் வாயைத்தான் மூட வேண்டும். சத்தம் போடாத கம்ப்யூட்டர் ஒன்று வாங்கக் கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

"கேமுக்கா, எடிட்டிங்குக்கா?" என்றார் கடைக்காரர்.

"டிவில படம் பாக்க. சத்தமே வரக்கூடாதுண்ணா."

"சத்தம் வராம என்னா படம்மா பாப்ப?"

"படத்துல வரட்டும். பெட்டில வரக்கூடாது."

சின்ன ஃபேன் வைத்த ஒன்றை ஓடவிட்டுக் காட்டினார். அந்த ரோட்டு இரைச்சலில் எதுதான் கேட்கும்? அதைப் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கிய ரூமுக்குக் கொண்டுபோய் மாட்டிக் கதவைச் சாத்தினேன். மெலிசாகப் பாடியது.

"உள்ள கொசு இருக்குண்ணா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

ஃபேனே இல்லாத மதர்போர்டைக் கேட்டேன். பிராசஸர் அதிலேயே ஒட்டியிருக்கும். மேலே அலுமினியச் சீப்பு மாதிரி ஒன்று சூட்டை வாங்கிக்கொள்ளும்.

"எடிட்டிங்னா இது நொண்டும்மா."

"ஓட வேணாம்ணா. ஒக்காந்து காட்டினா போதும்."

சுற்றிச் சத்தம் போடுகிற ஹார்ட்டிஸ்க் வேண்டாம், உள்ளே எதுவும் சுற்றாத எஸ்எஸ்டி போதும் என்றேன். அண்ணனுடைய பெரிய டிஸ்கைப் பீரோவில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று கல்யாணமாகக் காப்பி செய்துகொள்ளலாம். கரண்டுக்கு லேப்டாப் மாதிரி வெளியே அடாப்டர். டிபன் பாக்ஸ் அளவில், மேலெல்லாம் ஓட்டை வைத்த கேபினெட்.

வீட்டில் மாட்டியதும் பச்சை லைட் எரிந்தது. அது ஓடுகிறது என்பதற்கு வேறு அடையாளமே இல்லை. ஆனால் மாப்பிள்ளை ஊர்வலம் பாதி வருவதற்குள் எல்லாம் அணைந்தது. தொட்டால் தோசைக்கல். தூசி விழக்கூடாதென்று அம்மா பூப்போட்ட துணியால் பெட்டியை இறுக்கி மூடியிருந்தாள். எங்கள் பிளாக்கில் டிவி, மிக்ஸி எதுவும் துணியில்லாமல் இருக்காது.

"மூடாத வுட்டா சாம்ப பூந்துக்கும்டி!"

"ஃபேன் இருந்தாத்தாம்மா தூசிய இழுக்கும். இது இழுக்காது. மூஞ்சிய மூடினா எப்புடி மூச்சு வுடும்?"

மனசே இல்லாமல் துணியை எடுத்தாள். பெட்டி ஆறியதும் மறுபடி போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குறட்டை. வால்யூம் சுண்டைக்காய் அளவு. மேளம் நின்றதும், பக்கத்தில் நிற்கிற மாதிரி அண்ணன் பேசினான்.

"பெரிம்மா, கொஞ்சம் நவுருங்க. பொண்ணு மூஞ்சி தெரியல, ஒங்க கொண்டதான் தெரியுது."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"அப்பா தூங்கிக்கினு இருக்காரு, என்ன சிரிக்க வெக்கிறான் பாரு."

எனக்கு ஆட வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தபடியே தொடையில் குத்திக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க, முன்பின் தெரியாதவர்கள் கல்யாணமெல்லாம் பார்த்தோம். குறிஞ்சிப்பாடி மாப்பிள்ளைக்குத் திருட்டு முழி என்றாள் அம்மா. மேல்பட்டாம்பாக்கம் சர்ச் கல்யாணத்தில் அண்ணன் கிசுகிசுத்துத்தான் பேசியிருந்தான். அதுவும் கேட்டது.

"அடுத்த கல்யாணம் போடுடி" என்றாள். "இவுங்க பந்தில அவன் வாயே தொறக்கல."