முப்பத்தொன்றாம் பக்கத்து வரி

போர்ட் ஆஷ்லின் தபால் ஆபீஸில் ஃப்ளோரா கில்லிஸிடம் ஸ்டாம்பு வாங்கப் போனவர்களில் பாதிப் பேர் ஒரு தடவையாவது மேடை ஏறியிருக்கிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே ஆளைப் பிடிப்பாள். பார்சலை எடை போட்டுக்கொண்டே, "உங்க குரல் கணீர்னு இருக்கே, மார்ச்சில ஒரு நீதிபதி வேஷம் இருக்கு, நாலே நாலு வசனம்" என்பாள். நாலு என்று சொல்லி நாற்பதைத் தலையில் கட்டுவாள் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தேதான் மாட்டிக்கொள்வார்கள். கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக் குளிர்காலத்தில், சுரங்கமும் மூடிப்போன ஊரில், வேறு என்னதான் இருக்கிறது?

ஊர் நாடகக் குழுவுக்குத் தலைவி அவள். டைரக்டர் ரோடி பீட்டன், முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கத்துவார், அவள் பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லி ஆளைத் திரும்பக் கூட்டிவருவாள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடியது. ஃப்ளோராவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் அவளும் அப்பா ஹெக்டரும்தான். சுரங்கத்தில் ஷிப்ட் ஃபோர்மேனாக இருந்தவர் ஹெக்டர். எண்பத்தோரு வயது. கரித்தூள் நுரையீரலைத் தின்றுவிட்டதால் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தார்.

2013-ல் அந்த ஊர்ச் சுரங்க வெடிவிபத்துக்கு நாற்பது வருஷம் முடிந்தது. பதினொரு பேர் செத்த விபத்து. அதை வைத்து ஃப்ளோரா சொந்தமாக ஒரு நாடகம் எழுதினாள். ஒரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் நூலகத்தில் உட்கார்ந்து, முந்நூறு பக்க விசாரணைப் பதிவை வரி விடாமல் படித்து எழுதியது. விசாரணை முடிவு எல்லாருக்கும் மனப்பாடம்: வெடி வைக்கிற லியோ டூசே, தீப்பிடிக்கிற வாயு இருக்கிறதா என்று பாதுகாப்பு விளக்கின் சுடரை வைத்துப் பார்க்காமல் வெடியைக் கொளுத்திவிட்டான். அவனும் செத்தான், பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போனான். பிறகு சுரங்க வாசலில் வைத்த நினைவுக் கல்லில் பத்துப் பெயர்கள்தான் வெட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரங்கேற்றம். அதற்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம், சர்ச் ஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. பனிக்காற்றோடு உள்ளே வந்தது கிளாடெட் டூசே. லியோவின் மகள். நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவள். வேலைக்குப் போடுகிற அதே ஆரஞ்சு கோட்டு, அதே பூட்ஸ். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மேடையில் எல்லாருக்கும் வசனம் நின்றுபோனது.

"என்ன வேணும் கிளாடெட்?" என்றார் ரோடி.

"ஒண்ணும் வேண்டாம், நடத்துங்க. எங்கப்பன் எப்படிச் சாகிறான்னு பாத்துட்டுப் போறேன்."

நடத்தினார்கள். நாடகப் பிரதியில் முப்பத்தொன்றாம் பக்கம், விசாரணைக் காட்சி. ஃபோர்மேன் ஹெக்டராக வேஷம் கட்டியிருந்த மர்டாக் ராங்கின் எழுந்து நின்று சொன்னான்: "வாயு இருக்கான்னு பாக்காம வெடி வைக்காதேன்னு லியோகிட்ட நான் சொன்னேன். அவன் கேக்கலை."

ஒத்திகை முடிந்து ஆட்கள் கலைந்ததும் கிளாடெட் நேரே ஃப்ளோராவிடம் வந்தாள்.

"அந்த வரியை எடு."

"அது நான் எழுதினதில்லை கிளாடெட். பதிவுல அப்படியே இருக்கு."

"இருக்கும். உங்கப்பா சொன்னாரு, அவங்க எழுதிக்கிட்டாங்க. எங்கப்பன்கிட்ட அன்னிக்கு விளக்கே இல்லை, தெரியுமா உனக்கு? கண்ணாடி விரிஞ்சு போச்சு, காலையில ஹெக்டர்கிட்ட குடுத்து வேற வாங்கணும்னு முந்தின நாள் சாப்பிடறப்போ எங்கம்மாகிட்ட சொன்னாரு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"இதை ஏன் யாருகிட்டயும்…"

"சொன்னோம். எங்கம்மா வீடு வீடாப் போய்ச் சொன்னாங்க. கேட்டது யாரு? நீ என்ன பண்ணே? பெஞ்சை மாத்திக்கிட்டு அந்தப் பக்கம் போய் உக்காந்தே."

அது உண்மை. நாலாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. விபத்து நடந்த மறு வாரம் ஃப்ளோரா தானாகவே புத்தகப் பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"என்னை நம்ப வேண்டாம். உங்கப்பன்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டுக் கிளாடெட் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஹெக்டர் ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஃப்ளோரா எதிரே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, அன்னிக்கு லியோகிட்ட விளக்கு இருந்துச்சா?"

ஸ்பூன் நின்றது. "யாரு சொன்னா?"

"இருந்துச்சா இல்லையா?"

ஆக்சிஜன் மெஷின் உஸ் உஸ் என்று இரைந்தது. ஹெக்டர் ஜன்னலைப் பார்த்தார். கோபம் வருமென்று ஃப்ளோரா எதிர்பார்த்தாள். அது வந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். வந்தது தாழ்ந்த குரல்தான்.

"என் மேசை மேல இருந்துச்சு. கண்ணாடி விரிஞ்சிருந்துச்சு. நீ இறங்கு, பின்னாலேயே வேற ஒண்ணு அனுப்பறேன்னு சொன்னேன். அது வந்துரும்னு நம்பி இறங்கினான். அதுக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கரி ஏத்தற ரெண்டாவது பெல்ட்டு நின்னுபோச்சுன்னு ஒருத்தன் ஓடி வந்தான். மறந்துட்டேன் ஃப்ளோ."

"அப்ப விசாரணையில சொன்னது?"

"கம்பெனி வக்கீல் பக்கத்துலயே உக்காந்திருந்தான். செத்தவனுக்கு வேலை போகாது ஹெக்டர்னு சொன்னான். நீ சின்னப் புள்ளை. உங்கம்மா வயித்துல உன் தம்பி."

அந்தத் தம்பி பிறந்து இரண்டு நாளில் போய்விட்டான். ஃப்ளோரா அதைச் சொல்லவில்லை. "நாடகத்தை மாத்தப்போறேன்ப்பா" என்றாள்.

"நான் போய்ச் சேந்தப்புறம் மாத்தக்கூடாதா?"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு ஒரே கவருக்கு மூன்று தடவை முத்திரை குத்தினாள். யாரையும் நடிக்கக் கூப்பிடவில்லை.

மதியம் ஹாலில் ரோடியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மேடையில் சுரங்கத் தூணுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷைக் கீழே வைக்க வெகுநேரம் ஆனது.

"பத்துக் குடும்பமும் ஞாயித்துக்கிழமை வந்து உக்காரப்போகுது. உங்கப்பாவுக்கு முதல் வரிசையில சீட்டு போட்டிருக்கேன். அவங்க எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லப்போறியா? நாம நாடகம் போட வந்தோமா, ஊரைப் பிரிக்க வந்தோமா?"

"ஊரு எப்பவோ பிரிஞ்சாச்சு ரோடி. ஒரு வீட்டை மட்டும் அந்தப் பக்கம் தள்ளி வச்சதால நமக்குத் தெரியலை."

"பெரிய வசனம் பேசாதே. இது எழுதறவ பண்ற காரியம். ஒரு மக பண்ற காரியம் இல்லை."

"பொய்னு தெரிஞ்சப்புறம் அந்த வரியை என் மேடையில சொல்ல விடமாட்டேன்."

"உன் மேடையா?" ரோடி பாக்கெட்டிலிருந்து ஹால் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப நீயே நடத்திக்கோ."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சாவி அவர் கையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு ஃப்ளோரா தனியாகவே வந்தாள். நடிகர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சொன்னதையும் சொன்னாள். புதிய வரியைத் தாளில் எழுதி மர்டாக்கிடம் நீட்டினாள்: "விளக்கு என் மேசையில் இருந்தது. நான் அனுப்பவில்லை."

மர்டாக் பிளம்பர். வாட்டசாட்டமான ஆள். விபத்தில் அவன் அப்பா செத்தபோது அவனுக்கு ஆறு வயது. தாளை வாங்கவே இல்லை.

"நாப்பது வருஷமா டூசே வீட்டைத் தாண்டறப்போ எச்சி துப்பிட்டுப் போயிருக்கேன். இப்ப வந்து அது தப்பான வீடுங்கறியா?"

"ஆமா மர்டாக்."

"ஹெக்டர் எங்கம்மாவுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் கரி கொண்டாந்து போட்டாரு. என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் ஐஸ் ஹாக்கி காட்டினாரு. அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா நின்னு அவரைப் பொய்யன்னு நான் சொல்லணுமா?"

"அவரு வரமாட்டாரு."

"வராட்டி மட்டும்?"

அப்போது பின்னால் கதவு அடித்துக்கொண்டது. ரோடி வந்திருந்தார். யாருக்கும் வணக்கம் கூடச் சொல்லவில்லை. "என்ன எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? எழுந்திரிங்க! இடது பக்க லைட்டு எரியலை, எவனுக்காவது கண்ணு இருக்கா?" என்று கத்தினார். ஃப்ளோராவின் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் போகிற போக்கில் மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டார்.

மர்டாக் கடைசிவரை எந்த வரியைச் சொல்வான் என்று வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம், "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்று தாண்டிப் போனான். மாற்று ஆளும் கிடையாது.

ஞாயிறு மதியம் ஹாலில் கூடுதல் நாற்காலி போட வேண்டியிருந்தது. கிளாடெட், அம்மா இவானைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். அவர்கள் உட்கார்ந்ததும் அந்த வரிசையில் இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள். திரை இடுக்கு வழியாக ஃப்ளோரா அதைப் பார்த்தாள். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஹெக்டர் வந்தார். கோட்டு, டை. முதல் வரிசையில் தன் பெயர் ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா வந்திருக்காரு" என்றார் ரோடி, மூன்று நாளில் அவளிடம் பேசிய முதல் பேச்சாக. "நிறுத்தணும்னா இப்பவே சொல்லு."

"திரையைத் தூக்கு" என்றாள் ஃப்ளோரா.

விசாரணைக் காட்சியில் அவள் குமாஸ்தா. சாட்சிக்குச் சத்தியம் செய்து வைத்துவிட்டு மர்டாக்கின் பக்கத்திலேயே உட்கார வேண்டும். மர்டாக் எழுந்தான். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "வாயு இருக்கான்னு…" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

ஹாலில் ஒரு சத்தம் இல்லை, ஹெக்டரின் சிலிண்டர் மூச்சைத் தவிர. மர்டாக்கின் கழுத்தில் வியர்வை இறங்குவது ஃப்ளோராவுக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்கலாம், வரி அவள் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அவள் எடுத்துக் கொடுத்தால் அது அவள் சொன்னதாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மர்டாக் அவளைப் பார்க்கவில்லை. முதல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கெஞ்சியது.

ஹெக்டர் கைத்தடியை ஊன்றி முன்னால் சாய்ந்தார்.

"சொல்லுடா மர்டாக்" என்றார். "நான்தான் சொல்றேன்ல. சொல்லு."

மர்டாக் சொன்னான். "விளக்கு என் மேசையில் இருந்தது. நான் அனுப்பவில்லை." குரல் உடைந்து, பாதி வாய்க்குள்ளேயே போயிற்று. பின் வரிசைக்குக் கேட்கவில்லை. "என்ன சொன்னான்?" என்று யாரோ கேட்க, முன்னால் இருந்தவர் திரும்பிச் சொல்ல, அந்த வரி வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. கடைசிவரை போய்ச் சேர்ந்ததும் நாற்காலிகள் நகரும் சத்தம். ஒருவர் எழுந்து போனார். பிறகு ஒரு குடும்பம். பிறகு இன்னும் சில பேர். கதவு ஒவ்வொரு தடவையும் அறைந்து சாத்திக்கொண்டது. ஓரத்திலிருந்து ரோடி, "நிறுத்தாதே, நடத்து, நடத்து" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். நடத்தினார்கள். முடிவில் கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டது.

ஆட்கள் போன பிறகு கிளாடெட் அம்மாவை ஹெக்டரின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஃப்ளோரா குமாஸ்தா வேஷத்தோடு ஓடி வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள் இவான். "மறந்தியா, வேணும்னே அனுப்பலையா?"

"மறந்துட்டேன்" என்றார் ஹெக்டர்.

"அது மறதி. அதுக்கப்புறம் சொன்னது மறதி இல்லையே."

"இல்லை."

இவான் தலையை ஆட்டினாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "கிளாடெட், என் கோட்டை எடு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது காட்சிக்கு ஒரு ஈ காக்கை வராது என்றுதான் நினைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து வாசல் வரை நின்றார்கள். மர்டாக் அந்த வரியைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். ஆனால் குழுவிலிருந்து ஏழு பேர் விலகினார்கள். வியாழக்கிழமை தோறும் ஹெக்டரோடு சீட்டாட வந்த மூன்று கிழவர்கள் வருவதை நிறுத்தினார்கள். அவர் ஒரு வியாழன் கூடத் தவறாமல் சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஃப்ளோரா எதிரே உட்கார்ந்து ஆடுவாள். செப்டம்பரில் அவர் போனபோது சவப்பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. ரோடியும் மர்டாக்கும் முன்னால் தோள் கொடுத்தார்கள். நினைவுக் கல்லில் லியோவின் பெயரைச் சேர்க்க நகராட்சி இரண்டு வருஷம் இழுத்தடித்தது. கூட்டத்துக்குக் கூட்டம் போய்க் கத்தியது மர்டாக்தான்.

ஹெக்டர் போன மறு மாதம், அக்டோபரில், கிளாடெட் தபால் ஆபீஸுக்கு வந்தாள். "அம்மாவுக்கு அந்தப் பதிவு முழுசும் கேக்கணுமாம். கண்ணு தெரியலை. நான் படிச்சா தூங்கிடறாங்க."

ஃப்ளோரா முந்நூறு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு டூசே வீட்டுக்குப் போனாள். அந்த வாசலில் அவள் கால் வைத்தது நாலாம் வகுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான். இவான் அடுப்பங்கரை மேசையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். ஃப்ளோரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிபதிக்கு ஒரு குரலும் வக்கீலுக்கு ஒரு குரலுமாக ஆரம்பித்தாள்.

இவான் கையை உயர்த்தி நிறுத்தினாள். "நடிக்காதே. சும்மாப் படி."

ஃப்ளோரா முதல் பக்கத்துக்குத் திரும்பி, சாதாரணக் குரலில் மறுபடியும் படிக்கத் தொடங்கினாள்.