ஆறு விரல் மாலுமி

யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் நான் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, விரல்களை. எண்ணிப் பார்த்து ஐந்தில் நின்றால்தான் மற்றதைப் பார்ப்பேன். இது வியாதியாகவே ஆகிவிட்டது. கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் விரலைக்கூட எண்ணியிருக்கிறேன்.

பழைய படக்கதைப் புத்தகங்களைச் சேர்க்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. எங்கெங்கிருந்தோ எல்லாம் பேசுவார்கள்; பாகூரிலிருந்து நான் ஒருத்திதான். ஏஐ வந்த பிறகு அங்கே புதுவிதமான ஏமாற்று ஒன்று கிளம்பியது. அச்சிலேயே வராத புத்தகத்துக்கு ஒரு அட்டைப்படத்தை உண்டாக்கி, மூலையைக் கிழித்த மாதிரி காட்டி, மஞ்சளேற்றி, அரிய பிரதி என்று போட்டுவிடுவார்கள். பாவம், ஆசையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. ஏஐ வரைந்த கையில் விரல் கூடும், இல்லை குறையும்; சிலதை நான் விரல் எண்ணியே பிடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து குழுவில் எனக்கு ‘விரல் அக்கா’ என்று பெயர். பொய் சொல்வானேன், கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

என் புத்தகங்கள் இருப்பது கல்யாணத்துக்குக் கொடுத்த இரும்பு பீரோவில். பட்டுப்புடவையெல்லாம் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னை வாருவார். வாரட்டும். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில், ரோட்டோரம் விரித்த சாக்கின் முன்னால் குத்துக்காலிட்டு, வெயில் மண்டையைப் பிளக்கும்வரை கிளறிக் கிளறிச் சேர்த்தது. இப்போது கெட்டி அட்டையில், வழவழத் தாளில், கிராஃபிக் நாவல் என்ற பெயரில் வருகிறவற்றையும் முன்பதிவு செய்து வாங்குகிறேன். படம் கண்ணைப் பறிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பழைய பழுப்புச் சாணித்தாளின் வாசம் இதில் எங்கே வரப்போகிறது?

பீரோவின் இரண்டாவது தட்டில் ஒரு புத்தகம் நுழையும் அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். தொலைந்துபோன அண்ணனைத் தேடித் தீவு தீவாக அலையும் ஒரு மாலுமியின் கதை அது. கறுப்பு வெள்ளைப் படங்கள். பதிமூன்று வயதில் அதைப் படித்தேன். கடைசி இரண்டு பக்கம் தவிர. அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் முப்பத்தைந்து வருஷமாக அந்தப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். குழுவில் நான் கேட்காத ஆளில்லை.

அந்த இரண்டு பக்கம் எப்படிப் போயிற்று என்றால், அதற்கு என் பழக்கம்தான் காரணம். பிடித்த புத்தகத்தை ஒரே மூச்சில் முடிக்க மாட்டேன். கடைசித் தாளை மறுநாளுக்கு மிச்சம் வைப்பேன். புத்தகம் என்னுடையது அல்ல, என் பக்கத்து பெஞ்சுக்காரியுடையது. மாலுமி குகைக்குள் போய் விளக்கைத் தூக்குகிறான், உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மூடிவைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலை கரும்பு வெட்டக் கிளம்பிய அப்பா, வெற்றிலை மடிக்கக் கைக்குக் கிடைத்த தாளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அவர் மடியைத் துழாவினால் வெற்றிலையும் இல்லை, தாளும் இல்லை.

எங்கள் வகுப்பில் படக்கதை மாற்றிக்கொள்ளும் பெண்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. புத்தகத்தில் பக்கம் போனால், போக்கியவள் அதை வரைந்து வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். படித்ததை நினைவு வைத்து, கட்டம் கட்டமாக. பக்கத்து பெஞ்சுக்காரி போட்ட சட்டம்தான் அது. அதில் அவள் ஜட்ஜ் மாதிரி. ஒருத்தி நாலு கட்டத்தை இரண்டாகச் சுருக்கிக் கொண்டுவந்தபோது திருப்பி அனுப்பிவிட்டாள்.

நானோ படிக்கவே இல்லை. படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ‘நம்பிக் கொடுத்தேனே, உங்கப்பா வெற்றிலை மடிக்கவா’ என்று கேட்பாளே என்று வெட்கம். ஆகவே நானே ஒரு முடிவு கட்டினேன். குகைக்குள் இருந்தது அண்ணன்தான். இரண்டு பேரும் படகேறி ஊர் வந்து சேர்கிறார்கள். கோடு போடாத நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் வரைந்து, பேனாவால் இழுத்து, புத்தகத்தோடு தைத்துக் கொடுத்தேன். அவள் கடைசிப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். திருப்பி அனுப்பாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏமாந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

பத்தாவது முடிந்ததும் அவள் அப்பாவுக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டாள். அப்போது யார் கையில் போன் இருந்தது? அவ்வளவுதான், விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்களைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு மணியில் ஒரு புத்தகத்தை மடியில் வைத்து, ஆளுக்கொரு பக்கமாக அவளோடு வேப்பமரத்தடியில் படித்த மாதிரி எதையும் படித்ததில்லை. அவள் மெதுவாகப் படிப்பாள். நான் பக்கத்தைத் திருப்பப் போனால் கையில் ஒன்று போடுவாள்.

போன வருஷம் ஏஐயிடம் அந்தக் கதையின் முடிவைக் கேட்டேன். அண்ணன் கொள்ளைக்காரனாக மாறியிருந்தான் என்றது. மறுநாள் கேட்டால், குகையில் இருந்தது எலும்புக்கூடு என்றது. மூன்றாம் நாள், எல்லாம் கனவு என்றது. மூன்று நாளும் ஒரே தைரியம். தெரியாது என்று சொல்ல உனக்கு வாய் வராதா என்று போனைத் திட்டிவிட்டு வைத்தேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் குழுவில் புது எண்ணிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, மாலுமியின் அட்டைப்படம். நான் தேடிக்கொண்டிருந்த அதே புத்தகம். இரண்டாவது, கடைசிப் பக்கத்தின் கடைசிக் கட்டமாம். படகில் மாலுமி விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். வெள்ளை வெளேரென்று தாள். இந்தப் புத்தகம் எங்கள் அம்மாவுக்கு உயிர் என்று கீழே எழுதியிருந்தது. நான் விரலை எண்ணினேன். ஆறு.

வந்ததே கோபம். நான் எதைத் தேடுகிறேன் என்று தெரிந்துகொண்டு எவனோ எனக்கே தூண்டில் போடுகிறான் என்று தோன்றிவிட்டது. தமிழில் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமையில்லாமல் குரல் பதிவாகவே போட்டுத் தாளித்தேன். அம்மா பேரைச் சொல்லி வியாபாரம் பண்ண வெட்கமாக இல்லையா என்றுகூடக் கேட்டேன். விரல் அக்கா சொன்ன பிறகு என்ன? ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். குழுவை நடத்துகிறவர் அந்த எண்ணை வெளியே தூக்கிப் போட்டார். நான் திருப்தியாக உலை வைக்கப் போனேன்.

மறுநாள் காலை அதே எண்ணிலிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பொம்பளைக் குரல், அவசரமே இல்லாமல்.

“ஏண்டி, என் பொண்ண இன்னா அந்த அதட்டு அதட்டுற? ராத்திரிலாம் அழுதுகினு கீறா. உன் கொரல வெச்சிதான் கண்டுபுடிச்சேன், அப்டியே கீது. அந்த ஆறு வெரலப் போட்டதே நீதாண்டி. பின்னாடி நம்ம ஏரி மதகு கூடவா கண்ணுக்குத் தெரில உனக்கு?”

பக்கத்து பெஞ்சுக்காரியேதான். படத்தை மறுபடி திறந்தேன். மாலுமிக்குப் பின்னால் பாகூர் ஏரியின் மதகு. பக்கத்தில் மூன்று பனைமரம், அதில் ஒன்று மொட்டை. பதிமூன்று வயதில் எனக்குத் துறைமுகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. தெரிந்த தண்ணீரை வரைந்திருக்கிறேன். எந்த ஏஐக்கு அந்த மொட்டைப்பனை தெரியும்? விரலை எண்ணிய நான் ஏரியைப் பார்க்கவில்லை. அதைவிட அவமானம், நான் வரைந்ததையே நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இத்தனை வருஷமும் என் நினைவில் அந்தப் படம் அச்சில் வந்தது போல, அப்படி ஒரு அழகாக இருந்தது.

குழுவில் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண்ணை மறுபடி சேர்க்கச் சொன்னேன். இனி என்னை விரல் அக்கா என்று கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னேன். அது போதாது என்று ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கரையாம்புத்தூருக்குப் போனேன். அங்கேதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இத்தனை வருஷமும் இத்தனை கிட்டத்தில் இருந்திருக்கிறாள்.

தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே நிதானம். வா என்றாள், உட்கார் என்றாள். மகள் காலேஜில் படிக்கிறது. தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நியாயம்தான். உன்னை அப்படிப் பேசினது தப்பும்மா என்று அதன் கையைப் பிடித்துச் சொன்னேன். முகத்தைத் திருப்பியபடியே விஷயத்தைச் சொன்னது. படம் பிடித்ததும் போனே தாளை வெள்ளையாக்கிவிட்டதாம். விரலையும் ஏஐ வைத்து ஐந்தாக்கித் தருகிறேன் என்றதற்கு, கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்றாளாம் அம்மா.

புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அதே வாசம். கடைசித் தாள் பழுத்து, ஓரம் பொடிந்து, நான் போட்ட தையல் மட்டும் அப்படியே இருந்தது. அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதற்கென்ன.

“அந்தக் கடசி ரெண்டு பக்கத்த நான் படிக்கவே இல்லடி,” என்றேன். “நானாதான் ஒரு முடிவு கட்டி வரஞ்சி குடுத்தேன். சொல்ல வாய் வரல.”

“தெரியும். என் புக்குதான, நான் மின்னாடியே படிச்சிட்டிருந்தேன்.”

தெரியாது என்று சொல்ல வாய் வராதா என்று போனைத் திட்டினேனே, அது நினைவுக்கு வந்தது. முப்பத்தைந்து வருஷமாகக் கேட்க நினைத்ததை ஒருவழியாகக் கேட்டேன். கொகைக்குள்ள இருந்தது யாருடி? நெஜ முடிவு இன்னா?

அவள் சொல்ல வாயெடுத்தாள். நிறுத்தினாள். புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்து, அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அன்றைக்குப் பார்த்த மாதிரியே ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மறந்து போச்சுடி,” என்றாள். “இத்தினி வருசமா இதையேதான படிச்சிகினு வரேன். எனக்குத் தெரிஞ்சி அண்ணனும் தம்பியும் நம்ம ஏரிக்கு வந்து சேந்துட்டாங்க.”