இடப்பக்கம் விழுந்த நிழல்

ஐம்பதுகளில் ஓசூரில் அச்சகம் வைத்திருந்தேன். அந்த வட்டாரத்தில் நிழல் எழுத்து எங்களிடம் மட்டும்தான் இருந்தது. ஓரக்கோடு மட்டும் கருப்பாக, உள்ளே வெற்றாக, வலப்பக்கம் தடித்த நிழலோடு துள்ளி நிற்கும் எழுத்து. நாடகக் கொட்டகைக்காரர்களும் மாங்காய் மண்டிக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

வம்பும் அதனால்தான் வந்தது. ஒரு சந்தை நாள் காலையில் ஊர்ச்சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கடைவீதி எண்ணெய் வியாபாரி கலப்படம் செய்கிறாராம். தலைப்பில் ‘எண்ணெய்’ என்ற சொல் மட்டும் நிழல் எழுத்தில். மற்றதெல்லாம் எங்கும் கிடைக்கும் சாதா எழுத்து. அந்த வியாபாரி கொடுக்கும் வேலையில்தான் என் அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

முதலில், எழுத்துக் கோக்கும் என் கம்பாசிட்டரைத்தான் சந்தேகித்தேன். வியாபாரி அவரைப் பலர் முன்னால் ஏசியிருந்தார். அவர் நகக்கண்களைப் பார்த்தேன். தினமும் மையில் புழங்கும் கையில் எதைக் கண்டுபிடிப்பது? நிழல் எழுத்துப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நோட்டீசை ஜன்னலோரம் எங்கள் பழைய அச்சோடு வைத்துப் பார்த்தேன். நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. எங்கள் அச்சைப் பார்த்து யாரோ மரக்கட்டையில் செதுக்கியிருக்கிறார்கள். கட்டையில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். எழுத்தை மாற்றிய கை நிழலை மாற்ற மறந்துவிட்டது.

கடையில் இதைச் சொன்னபோது வியாபாரி அசையவில்லை.

“நெழலு எந்தப் பக்கம் விழுந்தா என்னாங்க பிரஸ்காரரே? இந்த எழுத்து ஒங்ககிட்ட தானே இருக்குது?”

அவருக்குப் பின்னால் எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்தன. டின்களில் ஒட்டும் சீட்டை முன்பு நான்தான் அடித்துக் கொடுத்தேன். பிறகு அவர்களே மர முத்திரை செய்துகொண்டார்கள். ஒரு டின்னை இழுத்து நோட்டீசைப் பக்கத்தில் பிடித்தேன். அதே ‘எண்ணெய்’, அதே இடப்பக்க நிழல்.

தராசில் நிறுத்துக்கொண்டிருந்த அவர் தம்பியின் கை நின்றது. அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு இருப்பது ஊரறிந்த சங்கதி.

“இக்கட ரா,” என்று வியாபாரி தெலுங்கில் தம்பியைக் கூப்பிட்டார். முத்திரை எங்கே என்று கேட்டார். அது பிளந்துபோய் அடுப்பில் போட்டு நாளாகிறது என்றான் தம்பி. நான் டின் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். மை இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. விரலை வியாபாரியிடம் காட்டினேன்.

அவர் நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இனி சீட்டு நீங்களே அடிச்சுக் குடுங்க. நெழலு மட்டும் வேணாம்.”

அச்சகத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொல்லிப் பெட்டியைத் திறக்கப் போனேன். கம்பாசிட்டர் சாதா எழுத்துக் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

“பூட்டியே கெடக்கட்டுங்க. நாளைக்கு நெழலு வலப்பக்கம் விழுந்த நோட்டீஸ் ஒண்ணு வந்துடுச்சுன்னா?”